வெள்ளைக்கல் அம்மனா, கருங்கல் அம்மனா?

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, அப்புறம் தணிக்கை, அப்புறம் மழை. வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் மன்னிக்கவும் :-)

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான கதை. ஏதென்ஸ் நகரத்துக்கும் நான் குடியிருக்கும் சிப்பிகாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு மாதம் முன்பு வரை எனக்கும் தெரியாது.

சிப்பிகாட் தெரியாதவர்களுக்கு: தெற்கு அந்தமானில், போர்ட் பிளேருக்கு (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) கொஞ்சம் தள்ளி இருக்கும் ஊர். 2004 டிசம்பர் 26-க்கு முன்னால் இங்கே நல்ல வயல்கள் இருந்தன. நிலநடுக்கத்தில் இந்தப் பக்கத்து நிலம் சுமார் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. சுனாமி அலை வந்து போனது ஒரு நாள். ஆனால் தாழ்ந்த நிலத்தில் புகுந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. நெல் விளைந்த இடத்தில் இன்று உப்புத் தண்ணீர் நிற்கிறது, கொக்கு நிற்கிறது.

அந்தத் தண்ணீர் ஓரத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கும்பிடும் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. தகரக் கூரை, செங்கல் சுவர், உள்ளே சுதையில் செய்து வண்ணம் பூசிய அம்மன். உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் பட்டுப் பட்டு அம்மனின் இடது கை பெயர்ந்துவிட்டது. கோயிலைக் கொஞ்சம் உயரத்தில் புதிதாகக் கட்டுவது என்று முடிவானது. வங்கிக்காரன் என்பதால் என்னைக் கேட்காமலேயே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

பிரச்சனை எங்கே வந்தது என்றால், பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் வங்காளி காண்டிராக்டர் ஒருவர் (நாங்கள் 'தாதா' என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள், பயப்பட வேண்டாம்) கூட்டத்துக்கு வந்து, "ஜெய்ப்பூரிலிருந்து வெள்ளைப் பளிங்கில் அம்மன் சிலை வாங்கித் தருகிறேன், முழுச் செலவும் என்னுடையது" என்றார். நல்ல மனசு. இளைஞர்களுக்கு ஒரே சந்தோஷம். மகாபலிபுரத்தில் கருங்கல் சிலைக்கு விலை கேட்டு வைத்திருந்தோம். சிலை விலை, சென்னையிலிருந்து கப்பல் கூலி எல்லாம் சேர்த்தால் எங்கள் கையிருப்பு பாதிகூட வராது. பொருளாளருக்கு இலவசம் என்ற சொல் எவ்வளவு இனிக்கும்!

எல்லோரும் சரி என்று தலையாட்டும் நேரத்தில் மூலையில் இருந்த ஆச்சி ஒருவர் (எண்பது வயது இருக்கும்) கேட்டார்: "ஏந்தம்பி, அந்த வெள்ளைக்கல்லுக்குத் தயிரு, எலுமிச்சை எல்லாம் ஊத்தி அபிஷேகம் பண்ணலாமா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. வீட்டுக்கு வந்தால் என் மகள் தன் பங்குக்கு ஆரம்பித்தாள். "கிரேக்கச் சிலையெல்லாம் மார்பிள்தானேப்பா? எவ்வளவு அழகு! நம்ம சாமிக்கு மட்டும் ஏன் கருப்புக் கல்?"

நான் படித்தது பி.காம். கலை வரலாறு எல்லாம் நமக்கு எட்டாத தூரம். ஆனாலும் கேள்வி விடவில்லை. ஒரு மாதம் படித்தேன். சென்னைக்கு விடுப்பில் போனபோது எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். (தங்கமணி பாண்டி பஜாரில் சுற்றிய செலவு தனிக் கணக்கு.) தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கல்லுக்கு முதல் வேலை: செத்தவர்களை நினைப்பது

கிரேக்கர்கள் பளிங்கில் ஆளுயரச் சிலை செதுக்க ஆரம்பித்தது கி.மு. ஏழாம் நூற்றாண்டில். நாக்சோஸ், பாரோஸ் என்ற தீவுகளில் நல்ல பளிங்கு கிடைத்தது. இடது காலை ஒரு அடி முன்னால் வைத்து, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக நிற்கும் இளைஞன் சிலை அவர்களின் முதல் பெரிய வடிவம். 'கூரோஸ்' என்கிறார்கள். நிற்கும் முறையை எகிப்தியர்களிடம் கற்றார்கள்.

இந்தச் சிலைகள் எதற்கு? வீட்டு அலங்காரத்துக்கு இல்லை. ஒன்று, கோயிலில் தெய்வத்துக்குக் காணிக்கை. இல்லாவிட்டால் கல்லறை மேல் நினைவுச் சின்னம். ஒரே வடிவம், இரண்டு வேலை.

பெண் சிலைகளும் உண்டு. 1972-ல் ஏதென்ஸ் அருகே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண் சிலை கிடைத்தது. பெயர் ஃப்ராசிக்ளியா. சுமார் கி.மு. 550-ஐ ஒட்டியது. செய்தவர் பாரோஸ் தீவுக்காரரான அரிஸ்டியோன். தலையில் பூ முடி, கையில் ஒரு மொட்டு, உடையில் இன்னும் சிவப்பு நிறம் ஒட்டியிருக்கிறது. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண். கன்னி என்ற பெயரே தனக்கு என்றைக்கும் நிலைக்கும், திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்கள் தனக்குக் கொடுத்தது அதுதான் என்று பீடத்தில் அவளே சொல்வதுபோல் எழுதியிருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டில் வைத்துக் கும்பிடுவோம். பெட்டியில் புதுப் பாவாடை, வளையல் வைத்துப் படைப்போம். அங்கே பளிங்கு, இங்கே ஓலைப் பெட்டி. துக்கம் ஒன்றுதான்.

நம்மிடமும் கல்லின் முதல் வேலை இதுதான். ஆநிரை மீட்கும் சண்டையில் விழுந்த வீரனுக்கு நடுகல் நட்டோம். அதைத்தான் சங்கப் பாட்டுகள் பேசுகின்றன. கோயில்கள் அப்போது செங்கல், மரம், சுதையில்தான் இருந்தன. ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையை வெட்டி, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். அது புதுமை என்பதால்தானே பெருமை? இறந்தவர்களுக்கு உரிய பொருள் என்பதால்தான் கல்லைத் தெய்வத்துக்குப் பயன்படுத்த அதுவரை தயங்கினார்கள் என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு.

மூலவர் பளிங்கு இல்லை!

அடுத்து நான் படித்து அசந்துபோன விஷயம் இது. ஏதென்ஸ் நகரத்தின் காவல் தெய்வம் அத்தீனா. அக்ரோபோலிஸ் மலைமேல் பார்த்தினன் என்ற பளிங்குக் கோயிலை கி.மு. 447-க்கும் 432-க்கும் இடையில் கட்டினார்கள். பதினைந்தே வருடம். சிற்ப வேலைகளுக்குத் தலைமை பிடியாஸ். ஆனால் அந்த ஊரில் மிகப் புனிதமான அத்தீனா எது தெரியுமா? ஒலிவ மரத்தில் செய்த ஒரு பழைய சிலை. வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பினார்கள். வருடம் ஒருமுறை அதன் உடையைக் களைந்து நீராட்டி வைப்பார்கள். பனாத்தினேயா என்ற திருவிழாவில் அந்த மரச் சிலைக்குத்தான் பெண்கள் நெய்த புதுச் சேலை சாத்துவார்கள். அந்தத் திருவிழா வந்த காலம் நம் ஆடி மாதத்தை ஒட்டி! ஆடியில் அம்மனுக்குச் சேலை சாத்துவது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

காஞ்சிபுரம் அத்திவரதர் நினைவுக்கு வருகிறாரா? அத்திமரத்தில் செய்த பெருமாள். 40 வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருகிறார். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார். கோயிலில் கல்லில் ஆயிரம் சிற்பம் இருந்தாலும் கூட்டம் போனது அந்த மரச் சிலையைப் பார்க்கத்தான்.

சரி, பார்த்தினன் கோயிலுக்குள்ளே இருந்த பெரிய அத்தீனாவாவது பளிங்கா? அதுவும் இல்லை. சுமார் 12 மீட்டர் உயரம். உள்ளே மரச் சட்டம், தோல் தெரியும் இடமெல்லாம் தந்தம், உடை முழுக்கத் தங்கம். கி.மு. 438-ல் நிறுவினார்கள்.

இங்கேதான் என் வங்கி மூளை விழித்துக்கொண்டது. அந்தத் தங்கம் கழற்றி எடுக்கும்படி செய்யப்பட்டது. கி.மு. 431-ல் ஸ்பார்ட்டாவோடு போர் மூண்டபோது பெரிக்ளீஸ் ஊராருக்குக் கணக்குச் சொல்கிறார்: சிலை மேல் 40 டாலன்ட் தங்கம் இருக்கிறது, அவசியம் வந்தால் எடுக்கலாம், ஆனால் பிறகு குறையாமல் திருப்பி வைக்க வேண்டும். துசிடிடீஸ் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது. ஒரு டாலன்ட் ஏறக்குறைய 26 கிலோ. ஆயிரம் கிலோவுக்கு மேல்! தெய்வம்தான் ஊரின் ரிசர்வ் பேங்க். போரின்போது அத்தீனாவின் கருவூலத்திலிருந்து நகரம் கடன் வாங்கியது. வட்டிக் கணக்கோடு அதைப் பளிங்குப் பலகையில் வெட்டி வைத்தார்கள். போரின் ஒரு கட்டத்தில் வட்டி ஆண்டுக்கு வெறும் 1.2 சதவீதம். சாமிக்கே சலுகை வட்டி!

நம் ராஜராஜன் இதில் கறார். தஞ்சைப் பெரிய கோயில் பணத்தை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கியதாகக் கல்வெட்டு. அதாவது 12.5 சதவீதம். அந்த வட்டியில்தான் விளக்கும் பூசையும் நடந்தன. ஏதென்ஸிலும் தஞ்சையிலும் கோயில் கணக்கைக் கல்லில் வெட்டி எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் கமிட்டிக் கணக்கை நான் நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அத்தீனாவின் தங்கம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லகாரெஸ் என்ற சர்வாதிகாரி கூலிப் படைக்குச் சம்பளம் கொடுக்க அதை உரித்துவிட்டான். அடமானத் தங்கத்தில் கை வைக்கிறவன் எந்தக் காலத்திலும் உண்டு.

அப்போது பளிங்கு எங்கே?

பளிங்குச் சிற்பங்கள் கோயிலுக்கு வெளியே. காரணம் வழிபாட்டு முறை. கிரேக்கர்கள் கோயிலுக்குள் கூடிப் பூசை செய்யவில்லை. பலிபீடம் வெளியே, திறந்த வெளியில். பலி, பாட்டு, விருந்து எல்லாம் அங்கேதான். ஆகவே கூட்டம் பார்ப்பது கோயிலின் வெளிப்புறத்தை. நம் கோபுரத்தில் கதை சொல்லும் சுதைச் சிற்பங்கள் இருப்பதுபோல் அவர்கள் முகப்பு முக்கோணத்திலும் சுவரின் மேல்வரிசையிலும் பளிங்கில் கதை சொன்னார்கள். பார்த்தினன் சுவரின் மேலே சுமார் 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிற்ப வரிசை ஓடுகிறது. குதிரை வீரர், பலிக்குப் போகும் மாடுகள், குடம் சுமப்பவர், கடைசியில் ஒரு துணியை மடித்துக் கொடுக்கும் காட்சி. அது அந்தச் சேலைத் திருவிழாவின் ஊர்வலம் என்பதுதான் பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம்.

முகப்பு முக்கோணத்தில் இருந்த சிலைகளின் முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கும், தரையிலிருந்து யாருக்கும் தெரியாது. ஆனாலும் முதுகையும் செதுக்கியிருக்கிறார்கள். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அப்படித்தான். பட்டும் மாலையும் சாத்தினால் முதுகு தெரியாது. எழும்பூரில் சுற்றி வந்து பாருங்கள், பின்னலும் ஆடை முடிச்சும் அவ்வளவு நுணுக்கம். மனிதர் பார்க்காவிட்டால் என்ன, உரியவர் பார்க்கிறார்.

இன்னொன்று. மகள் 'அழகான வெள்ளை' என்றாளே, அந்த வெள்ளையே பிற்காலத்துக் கதை. கிரேக்கர்கள் பளிங்குக்கு வண்ணம் பூசினார்கள். கண், உதடு, தலைமுடி, உடைக் கரை எல்லாவற்றுக்கும். பிராக்ஸிடலீஸ் என்ற பெரிய சிற்பியிடம், உன் சிலைகளில் உனக்குப் பிடித்தது எது என்று கேட்டதற்கு, ஓவியர் நிக்கியாஸ் கைபட்டவை என்று சொன்னதாக பிளினி எழுதுகிறார். மண்ணிலும் மழையிலும் வண்ணம் போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் வெள்ளையே தூய அழகு என்று கொண்டாடிவிட்டார்கள். 2003-ல் ஜெர்மனியின் மியூனிக்கில், பழைய வண்ணத்தைக் கணித்துப் பூசிய மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். படத்தை மகளுக்குக் காட்டினேன். "ஐயே, நம்ம ஊர் ஐயனார் கோயில் மாதிரி இருக்கே!" என்றாள். அதைத்தானம்மா நானும் சொல்கிறேன் :-)

ஒரு கமிட்டி, இரண்டு சிலைகள்

அதே பிராக்ஸிடலீஸ் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அஃப்ரோடைட்டி தேவிக்கு இரண்டு சிலைகள் செய்து ஒரே விலைக்கு வைத்தார். ஒன்று உடையோடு, மற்றது உடையில்லாமல் நீராடும் கோலத்தில். கோஸ் தீவுக்காரர்கள் உடையோடு இருப்பதே கண்ணியம் என்று அதை வாங்கிப் போனார்கள். மிச்சத்தை க்னிடோஸ் ஊரார் வாங்கினார்கள். அதைப் பார்க்கக் கப்பல் கப்பலாகக் கூட்டம். பின்னாளில் நிக்கோமெடீஸ் என்ற அரசன், சிலையைக் கொடுத்தால் ஊரின் மொத்தக் கடனையும் அடைக்கிறேன் என்றான். ஊர்க் கடன் பெரியது. ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இதுவும் பிளினி சொல்லும் கதைதான். இதில் யார் செய்தது சரி? எனக்குத் தெரிந்து இரண்டு ஊரும் சரி. தங்கள் தெய்வம் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. விலை அதைத் தீர்மானிக்கவில்லை. பொருளாளராக எனக்கு இது கொஞ்சம் சுட்டது.

எழும்பூரில் ஒரு தமிழன் பெயர்

நம் நாட்டிலும் பளிங்குச் சிற்பம் என்று பெயர் வாங்கிய ஒன்று உண்டு. அமராவதி. கிருஷ்ணா நதிக் கரையில் இருந்த பௌத்தத் தூபி. வெள்ளைக்காரர்கள் 'எலியட் மார்பிள்ஸ்' என்றார்கள். பார்த்தினன் சிற்பங்களை எல்கின் பிரபு கொண்டுபோனதால் 'எல்கின் மார்பிள்ஸ்' என்று பெயர் வந்ததல்லவா, அதே பாணி. உண்மையில் அமராவதிக் கல் பளிங்கு இல்லை. பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல். வெளிர்ப் பச்சை கலந்த வெள்ளை. மெருகேற்றினால் பளிங்கு மாதிரியே இருக்கும்.

கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் தொடங்கி கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே வேலை நடந்தது. முதலில் செதுக்கிய காட்சிகளில் புத்தர் இல்லை! வெறும் இருக்கை, போதி மரம், சக்கரம், பாதச் சுவடு. சுற்றி எல்லாரும் கும்பிடுகிறார்கள், நடுவில் ஆள் இல்லை. பிந்தைய காலத்தில்தான் புத்தர் உருவம் வருகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு பக்கம் பழைய காலத்துக் காட்சி, காலி இருக்கையும் மரமும். பிற்காலத்தில் அதே கல்லைத் திருப்பி மறுபக்கம் தூபியைச் செதுக்கி, அதன் வாசலில் புத்தரை நிற்க வைத்திருக்கிறார்கள். ஒரே கல்லின் இரு பக்கத்தில் ஒரு மதத்தின் மனமாற்றம் தெரிகிறது. சிற்பியின் உளி அதே உளிதான். கும்பிடுகிறவர்களுக்கு எது தேவை என்பதுதான் மாறியது.

அதே காலத்தை ஒட்டி வடமேற்கில் காந்தாரத்தில், கிரேக்கர் ஆண்ட பகுதிகளில், புத்தருக்கு கிரேக்கத் தெய்வத்தைப் போல அலையலையான முடியும் மடிப்பு மடிப்பான ஆடையும் வந்தன. கிரேக்கர்களும் நம் சாமியைக் கும்பிட்டார்கள். மத்தியப் பிரதேசத்தில் விதிஷா அருகே ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் வாசுதேவனுக்குக் கருடக் கம்பம் நட்டிருக்கிறார்.

அமராவதியில் யார் பணம் போட்டார்கள் என்பது கல்லிலேயே இருக்கிறது. வணிகர், துறவி, பிக்குணி, வாசனைத் திரவியம் விற்பவர், தோல் தொழிலாளி. அரசன் ஒருவன் கட்டியது இல்லை, ஊரார் பிடிப்பிடியாகக் கொடுத்தது. அந்தப் பெயர்களில் ஒன்று 'தமிள கண்ஹ'. கண்ணன் என்ற தமிழன் என்று பொருள் கொள்கிறார்கள். உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து ஒரு கல் பலகையைக் கொடையாகக் கொடுத்திருக்கிறான்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் முன்னால் பிழைப்புக்காக வடக்கே போன ஒரு தமிழ்க் குடும்பம். போன ஊரில் ஊராரின் கோயிலுக்குத் தன் பங்கைக் கொடுத்துவிட்டு, பெயருக்கு முன்னால் 'தமிழன்' என்று போட்டுக்கொண்டிருக்கிறது. சொந்த ஊரில் இருப்பவன் தன்னைத் தமிழன் என்று எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. வெளியே போனவனுக்குத்தான் அந்த அடைமொழி வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கும்பிடுகிறவர்கள் போனதும் என்ன ஆகும் என்பதையும் அமராவதி காட்டுகிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஜமீன்தார் ஒருவர் ஊர் அமைத்தபோது தூபியின் கல்லைப் பெயர்த்துக் கட்டடத்துக்கு எடுத்தார்கள். பல சிற்பங்களைச் சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறின. பிறகு கிடைத்தவற்றில் பெரும்பகுதி எழும்பூரில். கிரேக்கத்திலும் இதே கதைதான். பழைய தெய்வங்களைக் கும்பிட ஆள் இல்லாமல் போனதும் எத்தனையோ பளிங்குச் சிலைகள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. பார்த்தினன் தேவாலயமாகி, மசூதியாகி, 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து வெடித்தது. நம்பிக்கைதான் கல்லைச் சிலையாக்குகிறது. அது நகர்ந்துவிட்டால் சிலை மறுபடி கல், சில சமயம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு.

ஆச்சியின் கேள்விக்குப் பதில்

இப்போது தயிருக்கும் எலுமிச்சைக்கும் வருவோம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு இனம். புளிப்பு பட்டால் அரிக்கும். சமையல் மேடையில் பளிங்கு போட்டவர்கள் எலுமிச்சை சிந்தி மெருகு போன கதையைச் சொல்வார்கள். தினம் தயிர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறு என்று ஊற்றினால் சில வருடத்தில் முகம் மழுங்கும். வடநாட்டுப் பளிங்குச் சாமிகளுக்கு உடையும் அலங்காரமும்தான் முக்கியம், அந்த வழிபாட்டுக்குப் பளிங்கு பொருத்தம். நமக்கு அபிஷேகம் முக்கியம். கருங்கல்லைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. எண்ணெய் பட்டால் இன்னும் கருத்து மினுங்கும். கடினமான கல் என்பதால் பளிங்கு மாதிரி மெல்லிய மடிப்பு வராது, கைகால்களை உடம்போடு ஒட்டித்தான் செதுக்க வேண்டும். அந்த நுணுக்கத்தை நாம் வீதியுலா போகும் செப்புத் திருமேனியில் காட்டினோம்.

எந்தப் பொருளுக்கு எந்தச் சேவை என்பது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புதான். ஒலிம்பியாவில் இருந்த தந்தத்தாலான சீயஸ் சிலைக்கும் எண்ணெய்தான் பூசினார்கள், சதுப்பு நிலத்து ஈரத்திலிருந்து காப்பாற்ற. ஏதென்ஸ் மலைமேல் காற்று வறண்டது என்பதால் அத்தீனாவின் தந்தத்துக்குத் தண்ணீர். இரண்டாம் நூற்றாண்டில் நேரில் பார்த்த பாசானியஸ் எழுதியிருக்கிறார். இந்தத் தீவுகளிலேயே பாருங்கள், நிகோபார் மக்கள் ஆவிகளை விரட்ட வீட்டில் வைக்கும் உருவங்களை மரத்தில்தான் செதுக்கினார்கள். அவர்களுக்கு அதுதான் வேலை செய்யும் பொருள்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். (முழுசாகச் சொல்ல ஆரம்பித்தேன், தங்கமணி கண்ணைக் காட்டியதும் சுருக்கினேன்.) தாதா ஒரு நிமிடம் யோசித்தார். "உங்கள் அம்மனுக்கு எது வசதியோ அது. என் பளிங்கு தரைக்கு ஆகுமா?" என்று கேட்டார். முன்மண்டபத் தரைக்குப் பளிங்கு அவர் உபயம் என்று முடிவானது. வாசல் கல்லில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். கண்ஹன் கதையைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். வங்காள எழுத்திலும் தமிழிலும் வெட்டப் போகிறோம்.

கை பெயர்ந்த பழைய அம்மனைக் கடலில் விட்டுவிடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். சாஸ்திரமும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது. ஆச்சி அதற்குப் பேசவே இல்லை, எழுந்து போய்விட்டார். சுனாமி அன்றைக்கு அந்த அம்மன் காலடியில்தான் அவர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். பிறகு எல்லாரும் கூடிப் பேசி, பழைய அம்மன் புதுக் கோயிலில் பக்கத்துச் சன்னதியில் இருக்கட்டும், அபிஷேகம் வேண்டாம், ஒரு விளக்கு போதும் என்று வைத்தோம். எவ்வளவு பெரிய பளிங்குக் கோயில் கட்டினாலும் ஏதென்ஸ்காரர்கள் தங்கள் பழைய மரச் சிலையை விடவில்லையே.

மகாபலிபுரத்தில் கருங்கல் அம்மனுக்கு முன்பணம் அனுப்பியாயிற்று. ஸ்தபதி கல்லைத் தட்டி ஓசை கேட்டு, பெண் தெய்வத்துக்குரிய கல் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். கண் திறப்பது மட்டும் கடைசியில். மீதிப் பணம் இன்னும் சேரவில்லை. எனக்கு அடுத்த மே மாதம் இடமாற்றம் வரும், எந்த ஊரோ தெரியாது. கும்பாபிஷேகத்துக்கு நான் இங்கே இருப்பேனா என்பது சந்தேகம்தான்.

போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. வரவு செலவுக் கணக்கை ஒரு கல்லில் வெட்டி மண்டபச் சுவரில் பதிக்கச் சொல்லியிருக்கிறேன். கருங்கல்லில்தான் :-)